இரண்டு பல்லும் ஒரு மெயின் சுவிட்சும்

புதன்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு டப்பி தன் அம்மாவைக் கடித்தாள். டப்பிக்கு வயது ஏழு மாதம் பத்து நாள். கீழ் ஈறில் இரண்டு பற்கள், அரிசி முனை அளவுக்கு, போன வாரம்தான் வெளியே எட்டிப் பார்த்திருந்தன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இவள் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறாள் என்று யாராவது நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் பால் கொடுத்துப் பார்த்ததில்லை.

அம்மா கத்தினாள். கத்தியது பெரிய விஷயமில்லை, யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். ஆனால் "ஐயோ" என்று கத்தியிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் அடிவயிற்றிலிருந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, "நிறுத்து" என்று கத்தினாள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் கத்தியைப் போட்ட இடம் அவனுக்கே தெரியாது. மூன்றே எட்டில் வாசல் கதவுக்குப் பின்னால் போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தான். விளக்கு போயிற்று, மின்விசிறி நின்றது, குளிர்ப்பெட்டியின் முனகல் அடங்கியது. வீடு செத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அரைகுறை வெளிச்சத்தில் திரும்பி ஓடி வந்தவன் கேட்ட முதல் கேள்வி:

"யாரு கை? யாரு கை மாட்டிச்சு?"

இதைப் புரிந்துகொள்ள அவர்கள் வேலை பார்க்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். அவள் வெட்டும் எந்திரத்துக்கு அட்டை கொடுப்பவள். அவன் நாலு எந்திரம் தள்ளிப் பசை போடும் பகுதியில். அந்தக் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூடக் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்ட வேண்டும், அவ்வளவு இரைச்சல். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் விரல் எந்திரத்தில் மாட்டியபோது அவர் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. விழுந்தபோது விரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. எது மாட்டினாலும் "நிறுத்து" என்று அடித்தொண்டையில் கத்த வேண்டும். கூடவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைக்க வேண்டும். கேட்டவரோ பார்த்தவரோ ஏன், எதற்கு என்று வாயைத் திறக்கக் கூடாது, சுவிட்சை இழுக்க வேண்டும். அத்தோடு முடியவில்லை. மின்சாரம் நின்றாலும் பெரிய சக்கரம் தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் சுற்றும். அதனால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி நிற்க வேண்டும். எந்திரக்காரர் இரண்டு தரம் பார்த்துவிட்டு "நின்னாச்சு" என்று சொன்ன பிறகுதான் யார் கையும் உள்ளே போகலாம். மாதத்துக்கு ஒரு நாள் இதற்கு ஒத்திகை வேறு நடக்கும். அப்படி முப்பது ஒத்திகை பார்த்த உடம்பு இருவருக்கும்.

அன்றைக்கு மாட்டியது யார் கையும் இல்லை. டப்பி வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. முகம் சிவந்து, நெஞ்சு ஏறி, ஒரு யுகம் கழித்து வெடித்தாள் பாருங்கள், மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் பால் குடிக்கவில்லை.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பயந்திருக்கிறாள், விடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். விடிந்தது. அம்மா மடியில் கிடத்தி மாராப்பை விலக்கினாள். டப்பி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு தலையைப் பின்னால் எறிந்தாள். இந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதை, அந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதை. தூக்கித் தோளில் போட்டால் சமர்த்தாக இருந்தாள். ரவிக்கைப் பொத்தானைக் கழற்றும் விரல் தெரிந்ததுமே அலறினாள். பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. அவள் ஒரு டம்ளரில் கையால் பீய்ச்சி எடுத்தாள், அவன் கரண்டியால் ஊட்டினான். பாதி வாய்க்குள் போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

"நீங்க எதுக்கு சுவிட்சை அணைச்சீங்க?" என்றாள் அவள், டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நீ எதுக்கு நிறுத்துன்னு கத்தினே?"

"கடிச்சா வேற என்னன்னு கத்துவாங்க?"

"நிறுத்துன்னு கேட்டா வேற என்ன பண்ணுவாங்க? தாலாட்டா பாடுவாங்க?"

இருவருமே சிரித்திருக்க வேண்டிய இடம்தான். சிரிக்கத் தெம்பு இல்லை. பல் முளைக்க ஆரம்பித்த பதினைந்து நாளாக இருவருக்கும் தூக்கம் கோழித் தூக்கமாகத்தான் இருந்தது. டப்பிக்கு எச்சில் ஓயாமல் வழிந்தது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள், அகப்பட்டதையெல்லாம் கடித்தாள். அப்பாவின் தோள், செருப்பு வார், அட்டைப்பெட்டி மூலை எதுவும் தப்பவில்லை. வீட்டில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம். அதில் ஒன்றுக்குள் உட்கார்ந்து விளையாடித்தான் அவளுக்கு டப்பி என்ற பெயரே வந்தது.

தொழிற்சாலை வாசலை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஓர் அறை உண்டு. காப்பக அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் பெண்மணி அங்கே ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பதினொரு மணிக்கு அரை மணி, மூன்று மணிக்கு அரை மணி. அந்த நேரம் அவள் எந்திரம் நிற்கும். மாற்று ஆள் கிடையாது. அந்த அரை மணிக்காகத்தான் அவள் காலையிலிருந்து நிற்பாள். காலில் செருப்பு கடிப்பதும், அட்டைத் தூசு மூக்கில் அப்பியிருப்பதும், டப்பி மடியில் விழுந்து முதல் மடக்கு விழுங்கும்போது மறந்துபோகும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் சமையலும் துவையலும் தின்றுவிடும். அவளுக்கும் மகளுக்கும் மட்டும் என்று இருந்தது அந்த அரை மணிதான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டப்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மடியில் சாய்த்ததும் அலறிக்கொண்டு காப்பக அக்காவிடம் தாவினாள்.

தாவியதுதான் அம்மாவைக் குத்தியது. அவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டம்ளரில் பால் பீய்ச்சினாள். வேலைக்குப் போடும் நீலக் கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. கண்ணும் நனைந்தது, அதைத் துடைக்க மூன்றாவது கை இல்லை.

"பால் மறக்க வச்சிடலாமே," என்றார் காப்பக அக்கா. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஏழு குழந்தைகளைப் பார்ப்பவர், ஒன்று குறைந்தால் நல்லது என்று நினைப்பவர். "ஏழு மாசம் குடுத்தது போதாதா? புட்டிக்கு மாத்திக்கோ. உனக்கும் நிம்மதி."

"அவளா மறந்தா சரிக்கா. இவ மறந்து போகலையே. பயந்துல்ல போறா."

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் வந்தார். அவரை எல்லாரும் ஒன்பதரை அண்ணன் என்பார்கள். விரல்களை எண்ணி வைத்த பெயர். வைத்ததும் அவரேதான். தன் பாதி விரலால் காதைக் குடைந்துகொண்டு, பார்வையை எந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டே பேசினார்.

"பாப்பா குடிக்கிறதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாண்ணே."

"குடிக்கலைன்னா பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் எந்திரத்தை நிறுத்துறது எதுக்குன்னு மேல கேக்குறாங்க. நான் கேக்கல. மேல கேக்குறாங்க."

"பீய்ச்சணும்ணே. இல்லன்னா கட்டிக்கும், அப்புறம் வத்தியே போயிடும்."

"அது எனக்கு எங்க தெரியும்." பாதி விரலைக் காதிலிருந்து எடுத்தார். "எதுக்கு திடீர்னு குடிக்க மாட்டேங்குது?"

அவள் சொன்னாள். கடித்தது, கத்தியது, அவன் சுவிட்சை இழுத்தது, யாரு கை என்று கேட்டது வரைக்கும். ஒன்பதரை அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக வற்றியது. பாதி விரலைப் பார்த்தார்.

"என் விரலாலதான் இந்த விதியே வந்துச்சு," என்றார். "அது உன் வீடு வரைக்கும் வரும்னு நான் என்னத்தைக் கண்டேன்." போவதற்கு முன் சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் நான் வாயைத் திறக்கல. திங்கக்கிழமை காலையில அவங்க கேட்டா, குடிக்குதா இல்லையான்னு ஒண்ணு சொல்லித்தான் ஆகணும்."

அன்று மாலை இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண். கல்யாணம்கூட ஆகியிருக்காது. இவர்கள் இருவரும் நடந்ததை ஆளுக்குப் பாதியாகச் சொல்ல, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சண்டை போடாதீங்க," என்றாள் நர்ஸ்.

"சண்டை இல்லைங்க, நாங்க பேசுறதே இப்படித்தான்," என்றான் அவன்.

நர்ஸ் கையைக் கழுவிவிட்டு டப்பியின் ஈறைத் தடவிப் பார்த்தாள். மேலே இன்னும் இரண்டு பல் முட்டிக்கொண்டு நிற்கிறது, வீங்கியிருக்கிறது என்றாள். உறிஞ்சும்போது ஈறுக்கு ரத்தம் வந்து சேரும், வலி கூடும். ஏற்கெனவே வலி, அதன் மேல் ஒரு பயம். இரண்டும் சேர்ந்துகொண்டன.

"சும்மா உறிஞ்சிக்கிட்டு இருக்கறப்போ கடிக்க முடியாது. நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கும். வயிறு நிறைஞ்சு, விளையாட்டா வாயில வச்சிட்டு இருக்கும் பாருங்க, அப்பதான் கடிக்கும். தாடையைப் பாத்துக்கிட்டே இருங்க. அசைவு மாறினா சுண்டு விரலை வாய் ஓரத்துல விட்டு எடுத்துடுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. பால் குடுக்கறதுக்கு முன்னாடி சுத்தமான துணியை நனைச்சுக் குளிர வச்சுக் கடிக்கக் குடுங்க. முக்கியமா, கட்டாயப்படுத்தாதீங்க. தூக்கக் கலக்கத்துல இருக்கறப்போ பக்கத்துல படுத்துக்கிட்டு குடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் வழக்கமான நேரத்துக்குப் பீய்ச்சிடுங்க."

"என் மேல பயம் போகுமா?" என்று கேட்டாள் அம்மா. குரல் அவளை அறியாமலே இறங்கியிருந்தது.

"பழகினதுதானே," என்று மட்டும் சொல்லி நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை விடுமுறை. பொழுது சாயும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. எதற்கு வம்பு என்று கொட்டகைப் பாஷைக்கு மாறிவிட்டாள். உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினாள். குழந்தைத் துணி எங்கே என்றால் தோளைத் தட்டிக் காட்டினாள். அவனும் சத்தம் போடாமல் தலையாட்டினான். வீட்டுக்குள் இரண்டு பேர் ஊமைச் சாடையில் குடித்தனம் நடத்த, டப்பி நடுவில் உட்கார்ந்து ஈரத் துணியைச் சப்பிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு தரம் முயன்றார்கள். நான்கு தரமும் முதுகு வில்லாயிற்று. நான்காவது தரம் டம்ளரில் முன்பு வந்ததில் பாதிதான் வந்தது. அவள் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்தால் கூடுமா என்ன.

"புட்டியே வாங்கிடலாமா?" என்றான் அவன் ராத்திரி, மெதுவாக.

அவளுக்குச் சண்டை போடக்கூட முடியவில்லை. "வாங்கிக்கலாம்," என்றாள். "பால் போனா போகட்டும். ஆனா இப்படிப் போகக் கூடாதுங்க. நான் கத்தினதுதான் அவ மனசுல கடைசியா நிக்கும். அதை மட்டும் என்னால தாங்க முடியல."

அவன் வாசல் கதவுப் பக்கம், அந்த சுவிட்சைப் பார்த்தான். அதை அணைத்த கை தன்னுடையது என்பது மூன்று நாளாக அவனையும் தின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. டப்பி கரண்டியில் ஊட்டிய பாலில் பாதியும் கொஞ்சம் கஞ்சியும் குடித்துவிட்டுக் கண் செருகிக்கொண்டிருந்தாள். அம்மா தரையில் பாயை விரித்து, ரவிக்கையைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு குழந்தையை வெறும் உடம்போடு பக்கத்தில் கிடத்திக்கொண்டாள். கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. தூக்கம் வந்தது, படுத்தாள். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த துணி டப்பியின் வாயிலிருந்து நழுவிப் பாயில் கிடந்தது.

கண்ணைத் திறக்காமலே டப்பி மூக்கால் தேடினாள். கன்னம் மாரில் பட்டது. வாய் பட்டது.

அம்மா மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டாள் டப்பி. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு ஓர் இழுப்பு. பால் இறங்கியது. நாலு நாளாகக் கட்டிக் கிடந்த வலி நெஞ்சிலிருந்து தோள் வரைக்கும் பாய்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. டப்பி மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் அவளுக்கு அன்று இல்லை. கண்ணீர் மூக்கைத் தாண்டிப் பாயில் சொட்டியது. துடைத்தால் அசைவு தெரியுமே என்று விட்டுவிட்டாள்.

துவைத்த துணி வாளியோடு உள்ளே வந்த அவள் கணவன் வாசல் கதவருகே அப்படியே நின்றுவிட்டான். வாளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும். தூக்கிக்கொண்டே நின்றான்.

அவள் தாடையைப் பார்த்தாள். எந்திரம் சிக்கப் போகிறது என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவள். இதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பெரிய இழுப்பு, பெரிய இழுப்பு, சின்ன இழுப்பு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தாள். நாலு நாள் தூக்கம் இமையில் உட்கார்ந்திருந்தது. ஒரு நொடி, சத்தியமாக ஒரே நொடி, கண் மூடிவிட்டது.

கடித்தாள் டப்பி.

அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல் கிளம்பிவிட்டது. நெஞ்சைத் தாண்டி, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்து வாயைப் பூட்டினாள். வாய்க்குப் பூட்டுப் போட்டாள், கைக்குப் போட மறந்தாள். ஒரு கை குழந்தைக்கு அடியில் இருந்தது. சும்மா இருந்த மற்றக் கை தானாகத் தலைக்கு மேல் எழும்பி, குறுக்கே வைக்க இன்னொரு கை கிடைக்காமல், பாதிச் சைகையாக நின்றது.

கதவருகே நின்றவன் அதைப் பார்த்தான். வாளி தரையில் உட்கார்ந்தது. கை சுவிட்சின் மேல் இருந்தது.

அங்கேயே நின்றது. அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அவன் விரல் விரலாகக் கையை எடுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் தூக்கிய கையை இறக்கி, சுண்டு விரலை டப்பியின் வாயோரம் விட்டு மெல்ல விடுவித்தாள். இரண்டு பல்லும் பதிந்த இடம் சிவந்திருந்தது. டப்பி கண்ணைத் திறந்தாள். அழவில்லை. மார்பைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அசையாமல், மூச்சுக்கூட விடாமல், வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை அம்மாவுக்குத் தெரியும். மூன்று வருஷமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய சக்கரத்தை அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். இன்னும் சுற்றுகிறதா, கையை உள்ளே விடலாமா என்று பார்க்கும் பார்வை. தன் குழந்தைக்கு இத்தனை நாளாகத் தான்தான் அந்தச் சக்கரம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகத்தை அசைக்கவில்லை. அசைந்தால் கெட்டது.

பிறகு, அந்த இரைச்சல் கொட்டகையில் ஒரு நாளும் எடுபடாத அளவுக்குச் சின்னக் குரலில் சொன்னாள்:

"நின்னாச்சு கண்ணு. நின்னாச்சு."

டப்பி ஒரு தரம் மார்பைப் பார்த்தாள். திரும்ப முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது தரமும் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு வந்தாள்.